ஏக்கத்தைப் பாடலாமா?

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உத்திரமேரூர் ஏரியின் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளையொருவர், இப்போது ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர், ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார். மணமாகி நான்கே மாதம் ஆகியிருந்தபோது தொழிற்பயிற்சிக்கென ஜப்பான் நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். பதினோரு மாதம் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நலம் விசாரித்தோம். பேச்சு ஓரிடத்தில் நின்றது. பிறகு தம் கைப்பேசியை எடுத்தார்.

"ஹழ்ரத், ஒரு பாட்டு. கொஞ்சம் கேளுங்க. கேட்டுட்டு, இது கூடுமா கூடாதான்னு சொல்லுங்க."

ஒரு நரம்பு மீட்டப்பட்டது. அதன் ஒலி முழுதும் அடங்கும்வரை வேறெதுவும் இல்லை. பிறகு மற்றொரு நரம்பு. அதற்குச் சற்றுப் பின்தங்கியே ஒரு முதியவரின் குரல் எழுந்தது; வாயை அதிகம் திறவாத குரல், யாருக்கும் கேட்க வேண்டும் என்ற அவசரம் இல்லாத குரல். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் அது பிரிவைப் பாடுகிறது என்பதை அறிய நமக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

அவர் தங்கியிருந்த விடுதிக்கு அடுத்த வீட்டில் ஒரு முதியவர் இரவு நேரங்களில் இதை வாசிப்பாராம். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். ஊர் திரும்பியதும் மனைவிக்குக் கேட்கச் செய்தாராம். அப்பெண் பொருள் விளங்காமலேயே அழுதுவிட்டார். அதைக் கண்ட மாமனார், ஹராமான இசையை வீட்டுக்குள் கொண்டுவந்து பெண்ணை அழ வைக்கிறாயே என்று கடிந்துகொண்டார். இதுதான் வழக்கு.

இருபத்துநான்கு வயதில் இக்கேள்வியை யாரேனும் நம்மிடம் கேட்டிருந்தால், அவர் வாய் மூடுமுன் விடை சொல்லியிருப்போம். சொல்லியும் இருக்கிறோம், அதைப் பின்னர் கூறுவோம். இம்முறை ஒரு வாரம் தவணை கேட்டோம்.

அந்த வாரத்தில் இவ்விசையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம். ஷாமிசென் என்பது மூன்று நரம்புகள் கொண்ட கருவி. நீண்ட கழுத்து, சதுரமான சிறு உடல். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனத்துக் கருவியொன்று ரியூக்கியூ தீவுகளின் வழியாக ஜப்பானை அடைந்து இவ்வடிவம் பெற்றது. உடலின் மீது பூனைத்தோல் அல்லது நாய்த்தோல் போர்த்துவார்கள் என்று படித்தபோது நம் முகம் சற்றுச் சுருங்கியது உண்மை. ஆனால் நரம்புகளோ பட்டு. பட்டு இழைகளை முறுக்கி, மஞ்சள் சாயம் ஏற்றி நரம்பாக்குவது அவர்களின் பழைய முறை. பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சி மாவட்டத்தில் இருந்துகொண்டு, பட்டும் மஞ்சளும் சேர்ந்து பாடுவதைப் படித்தபோது, அந்நாடு அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு. அக்கருவியின் தடித்த நரம்பு கழுத்தின் மேற்பகுதியில் இலேசாக உரசும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒலியோடு ஒரு ரீங்காரம் கூடவே எழும். 'ஸவாரி' என்பார்கள். நம் நாட்டுத் தம்பூராவில் நரம்புக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை நுழைத்து 'ஜீவா' பிடிப்பார்களே, அதே வேலைதான். தெளிவான ஒலியில் ஏக்கம் தங்காது என்று இரு நாட்டாரும் கண்டிருக்கிறார்கள் போலும்.

நம் மாணவர் கொண்டுவந்த பாட்டு 'யுக்கி' என்பது. பனி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஸாகா நகரில் வாழ்ந்த மினெஸாக்கி கோத்தோ என்னும் கலைஞர் இசை அமைத்தது. உலகைத் துறந்து துறவியான ஒரு பெண், பனி பெய்யும் இரவில், தான் ஒரு காலத்தில் ஒருவனுக்காகக் காத்திருந்ததை நினைத்துப் பார்க்கிறாள். குளிர்ந்த படுக்கை, தொலைவில் ஒலிக்கும் நடுநிசி மணி, வராதவன். அவ்வளவுதான் கதை. பாட்டின் இடையே கருவி மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி ஒன்றுண்டு. மணியோசையைக் காட்டுவதற்கென்றே அமைந்த அப்பகுதி, பிற்காலத்தில் நாடக மேடைகளில் பனி பெய்வதைக் குறிக்கும் அடையாளமாகவே மாறிவிட்டதாம். இவ்வகைப் பாடல்களை ஆக்கியவர்களிலும் காத்தவர்களிலும் பெரும்பாலோர் பார்வையற்ற கலைஞர்கள். 'தோதோ' என்னும் சங்கம் அமைத்து, படிப்படியான பட்டங்களுடன் வாழ்ந்தவர்கள். 1871இல் அரசு அச்சங்கத்தைக் கலைத்துவிட்டது.

அந்நாட்டிலும் மாமனார்கள் இருந்திருக்கிறார்கள். 1703இல் சிக்காமத்ஸு என்னும் நாடகாசிரியர், ஒன்று சேர இயலாத காதலர் இருவர் உயிர்துறந்த உண்மை நிகழ்ச்சியைப் பொம்மலாட்டமாக்கினார். ஷாமிசென் இசையோடு அது அரங்கேறியது. அதைப் போன்ற நாடகங்கள் பெருகின; அதே முடிவைத் தேடிக்கொண்ட இளையோரும் பெருகினர். 1723இல் ஆட்சியாளர் அவ்வகை நாடகங்களுக்குத் தடை விதித்தனர். 1739இல் 'புங்கோ' என்னும் பாடல் மரபையே தடுத்தனர். தடை விதித்தவர்களை நாம் பழிக்க மாட்டோம். பிள்ளைகள் உயிரைப் போக்கிக்கொள்ளும்போது பொறுப்புள்ளவர்கள் சும்மா இருக்க முடியாது. ஆனால் அம்மரபின் மாணவர்கள் பெயரை மாற்றி, பாணியைச் சற்றே மாற்றிப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களிடமிருந்து கிளைத்த பாணிகள் இன்றும் மேடையில் உள்ளன. அரசாங்கத்தின் தடையைப் பாட்டு கடந்துவிடுகிறது. வீட்டுக்குள் விதிக்கப்படும் தடையைக் கடப்பதுதான் அரிது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் தந்தையார் தொண்டிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு இமாமத் பணிக்காக வந்தவர். தாயாருக்கும் ஊர் அதுவே. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்னும் மஸ்தான் சாகிபின் பாடல்கள் அப்பகுதிப் பெண்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. குணங்குடியார் 1792இல் பிறந்து 1838இல் மறைந்தார் என்பர். கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி கற்று, திருமணப் பேச்சை விலக்கித் துறவு பூண்டு, பல ஊர்களும் காடுகளும் சுற்றி, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கி அங்கேயே அடங்கினார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1847இல், அன்னாரின் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர் மீது நான்மணிமாலை பாடியிருக்கிறார். நம்மவர் அவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பிறர் தலையில் வைத்துக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவரது மனோன்மணிக் கண்ணியில் இறைவனைப் பெண்ணாகவும் தம்மைப் பிரிவால் வாடும் ஆணாகவும் வைத்து, கண்ணிதோறும் அப்பெயரைச் சொல்லி அழைக்கிறார். நம் தமிழ் நாட்டின் பக்திப் பாடல்களில் பாடுபவர் பெண்ணாகி இறைவனை ஆணாக்குவதே பெருவழக்கு. குணங்குடியார் அதைத் திருப்பிப் போட்டார். லைலாவைத் தேடிய மஜ்னூனின் வழி அது. அவருக்குப் பின் கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி என்று நம் பெண்மக்களே ஞானப் பாடல்கள் இயற்றியிருக்கிறார்கள்.

1979இல் நம் தந்தையார் இமாமத்தை விட்டுவிட்டு, பலரையும் போலச் சவூதிக்குப் பிழைக்கச் சென்றார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அப்போது நமக்கு ஒன்பது வயது. கடிதம் எழுதும் அளவுக்குத் தாயாருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆகவே அக்கால வழக்கப்படி ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வந்து திரும்புபவர்களிடம் கொடுத்தனுப்புவோம். வாசகர்களில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நாம் சொல்வது உடனே விளங்கும். தாயார் முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்வார். பிறகு நம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மனோன்மணிக் கண்ணியில் பத்துப் பதினைந்து கண்ணிகளைப் பாடுவார். தந்தையார் கேட்டிருந்ததால்தான் பாடினார் என்று பின்னால் அறிந்தோம். சிவப்புப் பொத்தானை அழுத்துவதும் நிறுத்துவதும் நம் வேலை.

தந்தையார் 1988இல் ஊரோடு வந்துவிட்டார். அந்நாடாக்களையும் ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். 1991இல் காலமானார். 1993இல் நாம் ஆலிம் பட்டம் பெற்று, தலைப்பாகையும் புதுக் கண்டிப்புமாக வீடு வந்து சேர்ந்தோம். மறு ஆண்டில் ஒருநாள், தங்கை மகளைத் தொட்டிலில் ஆட்டியபடி தாயார் அக்கண்ணிகளைப் பாடுவதைக் கேட்டோம். "உம்மா, அல்லாஹ்வைப் பெண்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுறதா? இதெல்லாம் நம்ம வீட்டுல வேணாம்" என்றோம். அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "சரி வாப்பா" என்றார். வாதம் ஏதும் செய்யவில்லை. 2009இல் அவர் இறக்கும் வரை, பதினைந்து ஆண்டுகள், அப்பாட்டை அவர் வாயிலிருந்து மறுபடி நாம் கேட்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆண்டு ரமளானில் நம் பயானைப் பதிவு செய்ய நாடா தேவைப்பட்டது. துணிப்பையைப் பிரித்து, இருந்த நான்கையும் எடுத்து, அவற்றின் மீதே பதிவு செய்தோம். தலைப்பு நமக்கு நன்றாக நினைவிருக்கிறது: பெற்றோரின் உரிமைகள்.

வேடிக்கை என்னவென்றால், ஏக்கப் பாட்டைத் தடுத்த அதே நாம் மத்ரஸாவில் அன்றாடம் கற்பித்துக்கொண்டிருந்தது ஏக்கப் பாட்டைத்தான். ரபீஉல் அவ்வல் பிறந்துவிட்டால் பள்ளிவாசல்கள்தோறும் புர்தா ஷரீஃப் ஓதுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி அதை எப்படித் தொடங்குகிறார்? தூஸலம் என்னுமிடத்து அயலாரை நினைத்துக் கண்ணீரில் குருதி கலந்து அழும் ஒருவனை வைத்துத் தொடங்குகிறார். அவன் தன் காதலை மறைக்கப் பார்க்கிறான், உடல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் திருமுன் நின்று கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய கவிதையோ, ஸுஆத் என்னும் பெண் பிரிந்து சென்றுவிட்டதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அவரை இடையில் நிறுத்தவில்லை. இறுதியில் தம் போர்வையை எடுத்து அவருக்கு அளித்ததாக நூல்கள் கூறுகின்றன. இதற்கு 'நஸீப்' என்று பெயர், இது அரபுக் கவி மரபு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு மாணவர்களுக்கு விளக்கினோம். ஸுஆத் என்றால் இலக்கியம், மனோன்மணி என்றால் குற்றம் என்று நமக்கு யார் சொன்னது? அரபியில் இருந்தால் மரியாதை, தமிழில் இருந்தால் ஐயம். நம்மில் பலருக்கும் இந்நோய் உண்டு.

இப்னு அரபிக்கும் இத்தொல்லை நேர்ந்தது. மக்காவில் அறிஞர் ஒருவரின் மகளான நிஸாம் என்னும் கல்விமிக்க பெண்ணை முன்னிறுத்தி, தர்ஜுமானுல் அஷ்வாக் என்று, ஆசைகளுக்கு விளக்கம் கூறும் கவிதைத் தொகுப்பொன்றை இயற்றினார். அலெப்போ நகரத்துச் சட்ட அறிஞர் சிலர் குறைகூறவே, ஒவ்வொரு வரியின் ஞானப் பொருளையும் விளக்கித் தாமே ஓர் உரை எழுதினார். பெரியவர், எழுத முடிந்தது. தொட்டிலருகே இருந்த நம் தாயாரிடம் நாம் உரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் எந்தப் பொருளைச் சொல்லியிருப்பார்? படைத்தவனை நினைத்துப் பாடினாரா, பாலைவனத்தில் இருந்த கணவரை நினைத்துப் பாடினாரா? இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர்கள் நம்மைப் போன்ற பட்டதாரிகள் மட்டுமே.

நம் ஊருக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளில் வந்து இறங்கி, பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்த்துச் செல்கிறார்கள். குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அதில் விரிவாக உண்டு. நிற்கலாமா கூடாதா என்பதைக் கல்லில் வெட்டி வைப்பார்கள். யாருக்காக யார் காத்திருந்தார் என்பதற்குப் பாட்டைத் தவிர வேறு பதிவேடு ஏது?

தவணை கேட்ட வாரத்தின் இறுதியில் நம் நினைவுக்கு வந்தது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு. பலமுறை பயானில் கூறியதுதான். ஆனால் அன்றுதான் நமக்கே புரிந்தது. மதீனாவின் தெருக்களில் இரவில் நகர்வலம் செல்கையில் ஒரு வீட்டினுள்ளிருந்து பெண்ணொருத்தியின் பாட்டு அவர் காதில் விழுகிறது. கணவன் படையில் சென்று நெடுநாளாகிவிட்டது; இரவு நீள்கிறது; இறையச்சம் ஒன்றுதான் தன்னைத் தடுத்து வைத்திருக்கிறது என்று அவள் பாடுகிறாள். கண்டிப்புக்கே பெயர்போன உமர் (ரலி) அவர்கள் கதவைத் தட்டி, ஏன் பாடுகிறாய் என்று அதட்டவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அதற்கு மேல் எந்தப் படைவீரரையும் போர்முனையில் நிறுத்தி வைக்கலாகாது என்று ஆணை பிறப்பித்தார். ஒரு பெண்ணின் ஏக்கப் பாட்டு, கிலாஃபத்தின் படைவிதியை மாற்றியது.

நாம் பதினைந்து ஆண்டுகளாக ஒரு பாட்டு கேட்கவில்லையே என்று கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நம் மாணவர் வந்தார். நரம்புக் கருவிகளை நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான இமாம்களும் விலக்கியிருப்பதையும், இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பாட்டின் ஒலி, சொல், கேட்பவரின் உள்ளம் ஆகியவற்றை எடைபோட்டுப் பல வாயில்களைத் திறந்தும், குடிகாரர்களின் அடையாளமாக இருந்த நரம்பிசையை ஒதுக்கியே வைத்ததையும் எடுத்துச் சொன்னோம். இதில் நமக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்றில்லை.

"நரம்பு விஷயத்துல கிதாபுல உள்ளதுதான் தம்பி. மாமா சொன்னதைக் குறையாச் சொல்லாதீங்க. ஆனா உங்க வீட்டுல அந்தப் புள்ள அழுததை யாரும் குத்தம் சொல்ல வேணாம். எதுக்கு அழுதாங்கன்னு நீங்க உக்கார்ந்து கேளுங்க."

பிறகு உமர் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாதங்களை எண்ணுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் பதினோரு மாசம், ஹழ்ரத். வர்ற வருஷம் மறுபடி போகணும்கிறாங்க. இந்தத் தடவை ஒரு வருஷம்."

"கூட்டிக்கிட்டுப் போக வழியிருக்கா?"

"கேட்டா சில பேருக்குக் கொடுக்கிறாங்க. நான் கேட்கல."

"கேளுங்க."

நம் வீட்டுப் பரணில் அந்நான்கு நாடாக்களும் இன்னும் உள்ளன. அவர் வந்து சென்ற மறுநாள், பழைய கருவியொன்றை வாலாஜாபாத்தில் ஒருவரிடம் பழுதுபார்த்து வாங்கிவந்து போட்டுக் கேட்டோம். மூன்றில் நம் பயான் முழுதுமாக ஓடி முடிந்தது. இளமைக் குரல், கேட்கச் சகிக்கவில்லை. நான்காவதில் பயான் சற்று முன்னதாகவே முடிந்திருந்தது. துஆவும் ஆமீனும் ஓய்ந்த பிறகு ஒரு கரகரப்பு. அதன் பின் அழியாமல் எஞ்சியிருந்த சில நொடிகள். பாட்டு இல்லை. ஓர் இருமல். பிறகு தாயாரின் குரல், பொத்தானருகே இருந்த சிறுவனிடம்: "போதும் வாப்பா, நிறுத்து."

போன வாரம் அவர் மனைவி, குணங்குடியார் பாடல் புத்தகம் இருந்தால் கேட்டு வாங்கி வரும்படி சொல்லியனுப்பியிருந்தார். தாயாரின் பிரதியை எடுத்துக் கொடுத்தோம். அட்டை பிரிந்து, நடுப்பக்கங்கள் தனியே வந்துவிட்டிருந்தன. பைண்டு செய்து தருகிறேன் என்று சொல்லி வாங்கிச் சென்றிருக்கிறார்.